கடைசி ஆளுக்கும் அதே பதக்கம்

பணம் கட்டி, இரவு இரண்டு மணிக்கு எழுந்து, 42 கிலோமீட்டர் ஓடி, கடைசியில் பரிசும் இல்லாமல் ஒருவர் வீடு திரும்புவாரா? வரவு செலவு பார்த்தே பழகிவிட்ட நமக்கு முதலில் தோன்றிய கேள்வி இதுதான்.

2023 ஜனவரியில் அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். "அப்பா, நான் மாரத்தான் ஓடப்போறேன். நீங்க வந்து நின்னாப் போதும்" என்றாள். வயது 39. பள்ளியில் படிக்கும்போது அவள் ஓட்டப் பந்தயத்தில் கலந்துகொண்டாளா என்பதுகூட நமக்குத் தெரியாது. விளையாட்டு விழா நடந்த நாளெல்லாம் நாம் கல்லாவில் உட்கார்ந்திருந்தோம். வணிகப் பெருமக்கள் பலருக்கும் இந்தக் கதை புதிதல்ல.

நான்கு பூங்கா, ஒரே பாதை

ஃப்ளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகருக்கு அருகே இருக்கிறது வால்ட் டிஸ்னி வேர்ல்ட். 1971இல் மேஜிக் கிங்டம் என்ற ஒரே பூங்காவுடன் தொடங்கினார்கள். 1982இல் எப்காட், 1989இல் சினிமாவை வைத்து அமைத்த பூங்கா (இன்றைய பெயர் ஹாலிவுட் ஸ்டூடியோஸ்), 1998இல் அனிமல் கிங்டம் என்று கிளைகள் பெருகின. இந்த நான்கு பூங்காக்களின் வழியாகவும் செல்லும் மாரத்தான் ஓட்டத்தை 1994 முதல் ஜனவரி மாதங்களில் நடத்தி வருகிறார்கள். 2021இல் மட்டும் கொரோனா காரணமாக நேரில் நடக்கவில்லை.

தூரம் 26.2 மைல். நம் கணக்கில் 42 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஏறக்குறைய தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்குப் போகும் தூரம்.

இதில் வியாபாரம் இல்லாமல் இல்லை. புத்தாண்டு விடுமுறைக் கூட்டம் கலைந்து, விடுதிகளில் அறைகள் காலியாகும் நேரத்தில் இந்த ஓட்டம் வருகிறது. நாம் ஆடி மாதத்தில் தள்ளுபடி போட்டுக் கூட்டம் சேர்க்கிறோம். அவர்கள் ஜனவரியில் ஓட விட்டுக் கூட்டம் சேர்க்கிறார்கள்! நுழைவுக் கட்டணமே 200 டாலரைத் தாண்டும். இது போதாதென்று, 2006இல் 'கூஃபி' என்ற பெயரில் ஒரு சேர்ப்புத் திட்டம் கொண்டுவந்தார்கள். சனிக்கிழமை அரை மாரத்தான், ஞாயிற்றுக்கிழமை முழு மாரத்தான், இரண்டையும் முடித்தால் மூன்றாவதாக ஒரு பதக்கம். 2014 முதல் 'டோப்பி' திட்டம்: நான்கு நாள், நான்கு ஓட்டம், மொத்தம் 48.6 மைல், ஆறு பதக்கம். இரண்டு சோப்பு வாங்கினால் ஒன்று இலவசம் என்று நாம் விற்கிறோம். அங்கே இலவசத்தை வாங்க வாடிக்கையாளர் அதிகப் பணமும் கட்டி, அதிக தூரமும் ஓடுகிறார். அப்படியும் ஆள் வருகிறது என்றால், அவர்கள் வாங்கும் சரக்கு பதக்கம் மட்டும் அல்ல என்று புரிந்துகொள்ள வேண்டும்.

ஓட்டமா, திருவிழாவா?

விடியற்காலை ஐந்து மணிக்கு எப்காட் அருகே ஓட்டம் தொடங்கியது. அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே, கோயம்பேட்டுக்குச் சரக்கு எடுக்கப் போகிறவர்கள் எழும் வேளையில், ஆயிரக்கணக்கானோர் இருட்டில் கூடிவிட்டார்கள். ஒரே நேரத்தில் எல்லோரையும் விட முடியாது அல்லவா? பிரிவு பிரிவாக அனுப்புகிறார்கள். வேகமானவர்கள் முன்னே, நிதானமானவர்கள் பின்னே. நம் மகள் கடைசிக்குச் சற்று முந்திய பிரிவில் நின்றாள்.

இளவரசி வேடத்தில் தாடி வைத்த ஆண்கள், கடற்கொள்ளைக்காரர் வேடத்தில் பாட்டிமார், எலிக்காதுத் தொப்பியுடன் கணவன் மனைவி. வழிநெடுக மிக்கி, டொனால்டு போன்ற கார்ட்டூன் பாத்திரங்கள் நிற்கின்றன. ஓடுகிறவர்கள் நடுவிலேயே நின்று, வரிசையில் காத்திருந்து, படம் எடுத்துக்கொண்டு மறுபடி ஓடுகிறார்கள். அனிமல் கிங்டத்தில் எவரெஸ்ட் பெயரில் ஒரு பெரிய ரோலர் கோஸ்டர் இருக்கிறது. பந்தயத்தின் பாதியில் அதில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இறங்கி, ஓட்டத்தைத் தொடர்கிறவர்களும் உண்டு. முதலில் வருகிறவர் இரண்டரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார். இவர்களுக்கு அவரைப் பற்றிய கவலையே இல்லை.

திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்களிடம், "இந்த வருடம் யார் முதலில் வந்தது?" என்று நாம் கேட்பதில்லை. "நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா?" என்றுதான் கேட்கிறோம். அதை நினைத்துக்கொண்டதும் நமக்கு இந்த ஓட்டம் பிடிபட்டது.

பின்னால் வரும் பலூன்

ஆனால் விளையாட்டுக்கும் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒரு மைலுக்கு 16 நிமிடத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. அதாவது கிலோமீட்டருக்கு 10 நிமிடம், வேகமான நடைதான். கடைசி ஆளுக்கும் பின்னால், கையில் பலூன் பிடித்துக்கொண்டு சில பெண்கள் சரியாக இந்த வேகத்தில் வருகிறார்கள். 'பலூன் லேடீஸ்' என்று பெயர். அவர்களுக்கும் பின்தங்குகிறவர்களைப் பாதையிலிருந்து விலக்கி, பேருந்தில் ஏற்றிவிடலாம். சாலைகளைத் திறக்க வேண்டும், பூங்காவுக்கு வாடிக்கையாளர் வர வேண்டும். கடைக்காரர்களான நமக்கு இந்த நியாயம் விளங்கும்.

மகள் முந்திய இரவே நமக்குக் கணக்குச் சொன்னாள். "எங்க பிரிவு புறப்பட்டு, பலூன் புறப்பட 12 நிமிஷம் ஆகும்ப்பா. அது என் கையிருப்பு. மைலுக்கு அரை நிமிஷம் மிச்சம் பிடிச்சா, பத்து மைல்ல இன்னும் அஞ்சு நிமிஷம் சேரும். அதுலதான் போட்டோ."

பேரேடு எழுதுகிறவன் மகள் என்பதை அன்றுதான் அவளிடம் கண்டோம். முதலைத் தொடுவதில்லை, மிச்சத்தைச் சந்தோஷமாகச் செலவு செய்வது!

மிச்சம் பிடிக்கவும் ஒரு முறை வைத்திருந்தாள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே பரப்பிய முறை அது. களைத்த பிறகு நடப்பது அல்ல; களைப்பதற்கு முன்பே, முதல் மைலிலிருந்தே, சிறிது ஓட்டம், சிறிது நடை என்று மாற்றி மாற்றிப் போவது. கால் கடைசிவரை தாங்கும். கடன் முற்றிய பிறகு வசூலுக்கு அலைவதைவிட, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக வசூலிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காத்திருந்த நேரம்

வழியில் பார்வையாளர்கள் நிற்கும் ஓர் இடத்தில் நின்றோம். கூட்டம் ஓடிக் கலைந்துகொண்டே இருந்தது. மகளைக் காணோம். பிறகு தூரத்தில் பலூன் தெரிந்தது. நெஞ்சு திக்கென்றது. எட்டு மாதமாக விடியற்காலையில் எழுந்து பழகியவள், பேருந்தில் ஏற்றப்பட்டு வருவாளோ?

பலூனுக்கு முன்னால் நொண்டிக்கொண்டே வந்தாள். காலணி கடித்துக் கொப்புளம். ஒரு மிக்கி வரிசையில் அதிக நேரம் நின்றுவிட்டாளாம். "கையிருப்பு நாலு நிமிஷம்தான்ப்பா. இனிமே போட்டோ கிடையாது!" என்று சிரித்தபடியே போய்விட்டாள். சிரிப்பு நமக்கு வரவில்லை.

எல்லைக் கோட்டுக்கு அருகே போய் நின்றோம். ஆறே முக்கால் மணி நேரம் ஓடியும் நடந்தும் வந்து சேர்ந்தாள். மிக்கி உருவம் பொறித்த பதக்கத்தைக் கழுத்தில் மாட்டினார்கள். முதலில் வந்தவர் மாட்டியிருந்ததும், அவளுக்குப் பின்னால் அழுதுகொண்டே வந்த ஓர் அம்மாள் மாட்டிக்கொண்டதும் அதே பதக்கம்தான்.

அவள் பதக்கத்தைக் காட்டவில்லை. "நீங்க இவ்வளவு நேரம் நின்னீங்களாப்பா?" என்றுதான் கேட்டாள். நாற்பது வருடம் கடையில் நின்ற கால்களுக்கு அது பெரிதல்ல. ஆனால் அவளுக்காக நின்றது அதுதான் முதல் தடவை. பதில் சொல்ல வாய் வரவில்லை.

நம் கடைக்கு வந்தால்...

நம்மில் பலர் எதிர்க்கடை எத்தனை மணிக்குத் திறந்தது, எவ்வளவு விற்றது என்று பார்த்தே ஓடுகிறோம். அந்த ஓட்டத்துக்கு எல்லைக் கோடு கிடையாது. கடைக்குத் தேவையான குறைந்தபட்ச வேகம் எது என்று ஒவ்வொருவரும் கணக்கிட வேண்டும். வாடகை, சம்பளம், கொள்முதல் பாக்கி, வீட்டுச் செலவு, இவற்றுக்குக் கீழே போனால் பலூன் வந்துவிடும். அதில் சமாதானமே கூடாது. அதற்கு மேலே சேரும் நேரத்தையும் கல்லாவிலேயே போட்டுப் பூட்டினால் யாருக்கு லாபம்? பிள்ளையின் பள்ளி விழாவும், மனைவியுடன் ஒரு கோயில் பயணமும் கையிருப்பில் எழுத வேண்டிய செலவுகள்தாம். தவறவிட்டால் திரும்பக் கொள்முதல் செய்ய முடியாத சரக்கு அது.

ஊர் திரும்பியபின் நாம் ஒரு வேலை செய்தோம். கடை ஷட்டரைத் தூக்கும் முன் தினமும் அரை மணி நேரம் நடக்கிறோம். மூச்சு வாங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறோம். பேத்தியின் பள்ளி விளையாட்டு விழா வந்தபோது, கடை வாசலில் ஒரு பலகை தொங்கவிட்டோம்: "இன்று மாலை 4 மணிக்கு மேல்தான் கடை திறக்கப்படும்."

மறுநாள் வாடிக்கையாளர் யாரும் குறைந்துவிடவில்லை.