பின்வாசல் மறைப்புக்கு எந்த மரம்? வேலூர், ஆம்பூர் உப்பு மண்ணில் ஏமாறாமல் வேலி போடும் வழி!

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கம் காலை நேரத்தில் ஷூ கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஜன்னலோரங்களில் பெரும்பாலும் பெண்கள்தான். பஸ் பிடிப்பதற்கு முன்பே இவர்களில் பலருக்குப் பின்வாசலில் ஒரு மணி நேர வேலை முடிந்திருக்க வேண்டும். துவைக்கும் கல், தண்ணீர்த் தொட்டி, குளியலறை எல்லாம் அங்கேதான். காலி மனையாகக் கிடந்த பக்கத்து இடத்தில் ஒரு மாடி வீடு எழும்பினால் போதும், அத்தனை வருட மறைவும் போய்விடும்.

உடனே பழைய சேலையோ, ஃப்ளெக்ஸ் பேனரோ கொடியில் தொங்கும். 'தீபாவளி போனஸ் வந்ததும் முதல்ல பின்னாடி ஒரு மறைப்பு கட்டணும்' என்ற பேச்சும் தொடங்கிவிடும். அடுத்து மரக்கடை.

"அண்ணே, பின்னாடி மறைப்பு கட்டணும். எந்த மரம் நல்லா இருக்கும்?"

"தேக்கு போடும்மா, ஆயுசுக்கும் நிக்கும். காசு பத்தலைன்னா சவுக்கு வாங்கிக்கோ."

மரக்கடைகளில் வழக்கமாகக் கேட்கும் பேச்சுதான் இது. ஆனால், இரண்டு பதிலிலும் பாதிதான் உண்மை. சிறுவயதுத் தேக்கும் நான்கைந்து வருடங்களில் உளுத்துப்போகலாம். சவுக்கையும் சரியாக நிறுத்தினால் கூடுதல் காலம் உழைக்கும். மரத்தின் பெயரைவிட, அதில் எந்தப் பகுதியை வாங்குகிறோம், அதை எங்கே நிறுத்துகிறோம் என்பதுதான் முக்கியம்.

மரம் சாகும் இடம் எது?

விழுந்த வேலிக்கால் ஒன்றை எடுத்துப் பாருங்கள். மேல்பகுதி நன்றாக இருக்கும். குழிக்குள் ஆழத்தில் இருந்த நுனியும் ஓரளவு உறுதியாக இருக்கும். மண் மட்டத்தில், ஒரு சாண் அளவுக்குத்தான் அழுகி ஒடிந்திருக்கும்.

மரத்தை அழுக வைப்பது பூஞ்சை. அது வளர ஈரம், காற்று இரண்டும் வேண்டும். மேலே காற்று உண்டு, ஆனால் வேலூர் வெயிலில் ஈரம் நிற்காது. ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு. இரண்டும் சேரும் இடம் மண் மட்டம். கரையான் ஏறும் வழியும் அதுதான்.

டேராடூனில் உள்ள வன ஆராய்ச்சி நிறுவனத்தில் மரங்களின் ஆயுளை அளப்பதும் இப்படித்தான். 60 சென்டிமீட்டர் நீளக் கட்டைகளைப் பாதி மண்ணுக்குள் புதைத்து, எப்போது அழுகுகின்றன என்று வருடக்கணக்கில் பார்ப்பார்கள். வரிசையாக நட்ட கட்டைகள் கல்லறைபோல இருப்பதால், 'கல்லறைத் தோட்டச் சோதனை' என்றே அதற்குப் பெயர். சராசரியாக 10 வருடங்களுக்கு மேல் தாங்கினால் முதல் வகுப்பு, 5 முதல் 10 வருடங்கள் என்றால் இரண்டாம் வகுப்பு, அதற்கும் கீழே மூன்றாம் வகுப்பு. தேக்கு முதல் வகுப்பு. ஆனால், அந்த மதிப்பெண் வைரம் பாய்ந்த நடுமரத்துக்கு மட்டும்தான்.

மரத்தை அறுத்தால் நடுவில் தெரியும் கருத்த பகுதி வைரம். சுற்றிலும் இருக்கும் வெளிறிய பகுதியில் மாவுச்சத்து அதிகம். பூச்சிக்கும் பூஞ்சைக்கும் அதுதான் தீனி. எந்த மரமானாலும் வெளிறு சீக்கிரம் போய்விடும். சிறுவயதில் வெட்டிய தோப்புத் தேக்கில் பாதிக்கு மேல் வெளிறாகவே இருக்கலாம். 'தேக்குதானே' என்று பில்லை மட்டும் பார்க்காமல், பலகையின் வெட்டுமுகத்தையும் பாருங்கள்.

இந்த மண் ஏன் வேறு?

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் வேலி போடுபவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். அது உப்பு.

பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டுத்தான் டேனரிக்கு வரும். அதை ஊறவைத்துக் கழுவும் தண்ணீரில் அந்த உப்பு இறங்கும். பல ஆண்டுகளாக அந்தக் கழிவுநீர் நிலத்திலும் பாலாற்றிலும் கலந்ததன் விளைவைத்தான் இந்த வட்டாரம் அனுபவிக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதைப் பதிவு செய்திருக்கிறது. டேனரி வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியளவிலோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போய்விட்டது என்கிறது அந்தத் தீர்ப்பு. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு மாநில அரசு இழப்பீடு கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடமிருந்து அதை வசூலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

வேலிக்கும் இதற்கும் என்ன தொடர்பு? உப்பு மரத்தை அவ்வளவாகத் தின்பதில்லை. இரும்பைத்தான் தின்னும். 'மரமே வேண்டாம், சிமென்ட் தூண் போட்டுடலாம்' என்று முடிவெடுப்பவர்கள் இங்கேதான் கவனிக்க வேண்டும். கான்கிரீட் கலக்கும் தண்ணீரில் குளோரைடு உப்பு அதிகமிருந்தால், உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து, உப்பி, தூணை வெடிக்க வைக்கும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 456. வீட்டு போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத அளவுக்குக் கரித்தால், அதில் தூண் வார்க்க வேண்டாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைப் பரிசோதித்துக் கொள்ளலாம்.

கையில் கிடைக்கும் மரங்கள்

சவுக்கு, தைலமரம்: விலை குறைவு, நேராக இருக்கும். அப்படியே மண்ணில் நட்டால் ஓரிரு மழைக்காலம்தான். மண்ணைத் தொடாத குறுக்குக் கட்டைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மூங்கில்: தட்டிக்கு அழகு. மருந்து ஏற்றாத மூங்கில் மண்ணில் பட்டால் 1 முதல் 3 வருடங்கள்தான். போராக்ஸ் கரைசலில் ஊறவைத்தால் பூச்சி அண்டாது. ஆனால் அந்த மருந்து மழையில் கரைந்துவிடும் என்பதால், கூரைச் சாய்ப்புக்குக் கீழே கட்டும் தட்டிக்குத்தான் அது பொருந்தும்.

வேம்பு: பூச்சித் தொல்லை குறைவு. பலகைக்கு நல்லது, மண்ணில் நடும் காலுக்கு வேண்டாம்.

கருவேலம், சீமைக்கருவேலம்: கரியாகப் போகும் சீமைக்கருவேலத்தின் வைரம் மிகவும் உறுதியானது. வளைந்து நெளிந்திருக்கும் என்பதால் பலகை கிடைப்பது கடினம். முற்றிய கட்டைகளைப் பொறுக்கி, பட்டையையும் வெளிறையும் சீவிவிட்டால் குட்டைக் கால்களுக்கு உதவும்.

பழைய வீட்டு மரம்: இடிக்கும் ஓட்டு வீடுகளிலிருந்து வரும் தேக்குச் சட்டங்களும் பனஞ்சட்டங்களும் பழைய சாமான் கடைகளில் கிடைக்கின்றன. பல காலம் காய்ந்தவை என்பதால் இனி முறுக்கிக்கொள்ளாது. துளை இருக்கிறதா, தட்டினால் பொக்கென்று கேட்கிறதா என்று பார்த்து வாங்கினால், புதுத் தேக்கைவிட லாபம்.

பேலட் பலகை: தொழிற்பேட்டைகளில் கழித்துவிடும் சரக்குப் பலகைகள் மலிவாக வரும். பெரும்பாலும் பைன் போன்ற மென்மையான மரம். 'எச்.டி.' முத்திரை இருந்தால் சூடேற்றிப் பூச்சியைக் கொன்றிருக்கிறார்கள் என்று மட்டும்தான் பொருள்; அதன்பின் வரும் கரையானை அது தடுக்காது. 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. கெமிக்கல் கறை படிந்த பலகை எவ்வளவு மலிவாக இருந்தாலும், பிள்ளைகள் புழங்கும் இடத்துக்கு வேண்டவே வேண்டாம்.

மரத்துக்கும் ஒரு குரோம்

ஆம்பூருக்கு நன்றாகத் தெரிந்த பெயர் குரோம். ஆவாரம்பட்டையும் வேலம்பட்டையும் கொண்டு தோல் பதனிட்ட காலம் போய், குரோம் உப்பு வந்த கதை இங்கே பலருக்கும் தெரியும். மரத்துக்கும் அப்படி ஒரு கதை உண்டு. குரோமியம், தாமிரம், ஆர்செனிக் மூன்றையும் சேர்த்து மரத்துக்குள் ஏற்றும் முறையை 1933-ல் உருவாக்கியவர், டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சொண்டி காமேசம் என்ற இந்தியர். உலகம் முழுவதும் அந்த மருந்து பரவியது. மலிவு மரங்களும் பல வருடங்கள் உழைத்தன.

ஆனால், ஆர்செனிக் விஷம். அமெரிக்காவில் 2003-ம் ஆண்டு முடிவோடு வீட்டு உபயோக மரங்களுக்கு இந்த மருந்தை ஏற்றுவதை உற்பத்தியாளர்கள் நிறுத்திக்கொண்டார்கள். பச்சை நிறம் ஏறிய மரத்தைக் கடையில் காட்டினால், என்ன மருந்து என்று கேட்டு வாங்குங்கள். முக்கியமாக, அந்த மரத்தின் துண்டுகளை வெந்நீர் அடுப்பில் எரிக்கக் கூடாது. புகையிலும் சாம்பலிலும் ஆர்செனிக் வரும். அந்தச் சாம்பலைக் கொண்டு பாத்திரம் தேய்த்தால் இன்னும் ஆபத்து.

பழைய இன்ஜின் ஆயிலைப் பூசுவதும் வேண்டாம். மேலே பூசுவது மரத்துக்குள் அதிகம் இறங்காது. அதிலுள்ள கன உலோகங்கள் மண்ணில் சேரும். ஏற்கெனவே சுமை தாங்கும் மண்ணுக்கு இன்னொரு சுமை எதற்கு?

கால் கல், மேல் மரம்!

இந்த வட்டாரத்துக்குப் பொருத்தமான வழி, மண்ணைத் தொடும் வேலையை மரத்திடம் கொடுக்காமல் இருப்பதுதான். கருங்கல் தூண் உப்புக்கும் கரையானுக்கும் அஞ்சாது. 6 அடி உயர மறைப்புக்கு 8 அடித் தூணை வாங்கி, 2 அடி புதைக்கலாம். வாங்கும்போதே துளை போட்டுத் தரச் சொன்னால், போல்ட் கொண்டு குறுக்குச் சட்டம் மாட்டிவிடலாம். நல்ல மரத்துக்கான காசு பலகைக்கு மட்டும்தான் ஆகும்.

பலகையின் அடி, தரையிலிருந்து 3 அங்குலம் உயரட்டும். கரையான் ஏறினாலும் தூணின் மேல் மண்கோடு போட்டுத்தான் வர வேண்டும், கண்ணில் பட்டுவிடும். பலகைகளுக்கு நடுவே சிறு இடைவெளி விட்டால், மழையில் உப்பினாலும் நெளியாது, காற்றும் வேலியைத் தள்ளாது. மறைவு குறையும் என்றால், முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி அடிக்கலாம்.

சாதாரண ஆணி வேண்டாம். உப்புக்குத் துருப்பிடிப்பதோடு, துவர்ப்பு உள்ள மரத்தில் இரும்பு பட்டால் கறுப்புக் கறை வழியும். துவைத்த துணி பக்கத்தில் காயும் இடம் அது. துத்தநாகம் பூசிய ஸ்க்ரூவோ, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவோ வாங்குங்கள்.

மரமே வேலியானால்?

கிளுவைக் கொம்பை ஊன்றி உயிர்வேலி வளர்ப்பது நம் ஊர் வழக்கம்தான். ஆனால் அது கோடையில் இலை உதிர்த்துவிடும். உப்பைத் தாங்கும் பூவரசு, புங்கன், சவுக்கு ஆகியவற்றை நெருக்கமாக நட்டு, கவாத்து செய்து வளர்த்தால், இரண்டு மூன்று வருடங்களில் நல்ல மறைப்பாகும். கன்று வாங்கும் முன் மண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். வேளாண்மைத் துறை ஆய்வகங்களிலும், விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் வழி கேட்கலாம். கன்று வளரும்வரை தட்டி கட்டிச் சமாளிக்கலாம்.

குழி தோண்டும் முன் பக்கத்து வீட்டுக்காரர்களை வரவழைத்து, எல்லையை அளந்துவிடுங்கள். அரை அடிச் சண்டை எந்த மரத்தையும்விட நீண்ட ஆயுள் கொண்டது. வேலி முடிந்த பிறகு, ஒவ்வொரு கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஒரு சிறு வேலை: ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பலகைகளின் அடியில் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால், அந்த ஒரு பலகையை மட்டும் மாற்றினால் போதும். அடுத்த வருட போனஸ் வேறு நல்ல செலவுக்கு மிஞ்சும்.