தட்டைக் கீபோர்டுக்கு எந்த ஸ்விட்ச்?

மெக்கானிக்கல் கீபோர்டு என்றாலே தடித்தது என்ற எண்ணம் இன்று பரவலாக இருக்கிறது. ஆனால் இன்று உயரமான ரகமாகக் கருதப்படும், செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் ஸ்விட்ச், 1980களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் உயரம் குறைந்த ரகமாகத்தான் பிறந்தது. விரல்கள் தங்கும் நடுவரிசை மேசையிலிருந்து 30 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று அந்நாட்டுத் தர விதி சொன்னது. கீபோர்டு உயர உயர மணிக்கட்டு மேல்நோக்கி வளைகிறது. வளைந்த நிலையில் மணிக்கட்டுக்குள் செல்லும் நரம்பின் மீது அழுத்தம் கூடுகிறது. அந்தக் கவலையின் அடுத்த கட்டம்தான் இன்றைய லோ-புரொஃபைல் ஸ்விட்ச். வழக்கமான எம்எக்ஸின் உயரம் 18.5 மி.மீ.; 2018-இல் வந்த அதன் லோ-புரொஃபைல் வடிவத்தின் உயரம் 11.9 மி.மீ.

சொந்தமாகக் கீபோர்டு கட்டுபவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்து ஸ்விட்ச் வாங்குகிறார்கள். சிவப்பு என்றால் தங்குதடையின்றி இறங்கும் லீனியர், பழுப்பு என்றால் நடுவில் சிறு மேடு தட்டுப்படும் டேக்டைல். நிறம் சொல்வது அவ்வளவுதான். விரலின் சுகத்தைத் தீர்மானிக்கும் எண்கள் வேறு இரண்டு: எழுத்து எந்த ஆழத்தில் பதிவாகிறது, பதிவான பிறகு இன்னும் எவ்வளவு ஆழம் மிச்சம் இருக்கிறது.

எம்எக்ஸ் சிவப்பின் மொத்த ஆழம் 4 மி.மீ. எழுத்து 2 மி.மீட்டரில் பதிவாகிவிடும், மிச்சம் 2. செர்ரியின் லோ-புரொஃபைல் சிவப்பில் மொத்தம் 3.2, பதிவு 1.2, மிச்சம் இங்கும் 2. சீனாவின் கைல் நிறுவனம் செய்யும் சாக் முதல் வகையில் மொத்தம் 3, பதிவு 1.5, மிச்சம் 1.5 தான். மூன்றில் இரண்டு தட்டையானவை என்றாலும் ஆழத்தை வெட்டிய இடம் வேறு. செர்ரி பதிவுக்கு முன்னால் வெட்டியது. சாக் இரு பக்கமும் வெட்டியது.

மிச்சம் ஏன் முக்கியம்? வேகமாகத் தட்டுபவரின் விரல், எழுத்து பதிவானதை உணர்ந்து நிற்பதில்லை. அடித்தட்டு வரை போய் மோதுகிறது. அதற்குள் விரலின் வேகத்தைத் தணிக்க வேண்டியது ஸ்பிரிங். விசையைத் தூரத்தால் பெருக்கினால் வருவதுதான் அது செய்யும் வேலை. விசை மாறாமல் தூரம் 2-லிருந்து 1.5 ஆனால், அந்த வேலை கால் பங்கு குறைகிறது. மீதி வேகம் அடித்தட்டில் மோதி விரல்நுனிக்கே திரும்புகிறது. அழுத்தித் தட்டிப் பழகியவர்கள் தட்டைக் கீபோர்டில் விரல் வலிக்கிறது என்பதற்கு இது முக்கியமான காரணம். அவர்களுக்கு மிச்ச ஆழம் கூடுதலாக உள்ளதோ, ஸ்பிரிங் சற்று இறுக்கமானதோ ஏற்றது.

மெதுவாகத் தட்டுபவர்களுக்கு எதிர்ச் சிக்கல் ஒன்று உண்டு. மிக லேசான ஸ்பிரிங், மிக மேலான பதிவு இரண்டும் சேர்ந்தால், விரலைச் சும்மா வைத்திருந்தாலே எழுத்து விழும். ஸ்பிரிங்கின் வலுவை வீட்டிலேயே அளக்கலாம். ஸ்விட்ச் ஒன்றைத் தெர்மாகோலில் நேராகக் குத்தி, விசையின் மேல்மூடியான கீகேப்பை மாட்டி, அதன் மேல் பத்து ரூபாய் நாணயங்களை ஒவ்வொன்றாக அடுக்குங்கள். ஒரு நாணயம் ஏறத்தாழ 7.7 கிராம். 45 கிராம் வகை லீனியர் ஸ்விட்ச், ஆறாவது நாணயத்தை ஒட்டிப் பதிவு ஆழத்துக்கு இறங்கும். உங்கள் விரலைத் தளர்வாக வைக்கும்போதும் அதே அளவு இறங்கினால், இன்னும் இறுக்கமானதைத் தேடுங்கள்.

நிறுவனங்கள் தரும் அட்டவணை எண்களையும் கல்லில் செதுக்கியதாகக் கொள்ள வேண்டாம். சாக்கின் 1.5-க்குப் பக்கத்திலேயே அரை மி.மீ. கூடலாம், குறையலாம் என்று போட்டிருக்கும். எனவே 0.1 மி.மீ. வித்தியாசத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

அடுத்தது பொருத்தம். எம்எக்ஸ் ரகத்தில் பல நிறுவனங்களின் ஸ்விட்சுகள் ஒரே போர்டில் உட்காரும். தட்டை ரகத்தில் அந்த வசதி இல்லை. சாக் இரண்டாம் வகையின் நடுக்கால் தடிமனானது. முதல் வகைக்கென்று போட்ட துளையில் அது நுழையாது. கேட்டரான் நிறுவனத்தின் தட்டை ஸ்விட்சான கேஎஸ்-33-க்குக் கால்களின் இடமே வேறு. கீகேப்பிலும் இதே கதை: சாக் முதல் வகைக்கு இரண்டு கால் கீகேப், மற்றவற்றுக்குச் சிலுவைத் தண்டு. சிலுவை இருக்கிறதே என்று உயரமான பழைய கீகேப்பை மாட்டினால், தட்டையாக்கிய பயன் பாதி போய்விடும். சாக் முதல் வகைக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. வழக்கமாக விசைகளுக்கு இடையே 19.05 மி.மீ. இடைவெளி, இதில் பக்கவாட்டில் 18, மேல்கீழாக 17 வரை நெருக்கலாம். சிறிய கை உள்ளவர்களுக்கு இது பெரிய வசதி.

ஆகவே போர்டை வாங்கிவிட்டு ஸ்விட்சைத் தேடாதீர்கள். இரண்டு மூன்று வகைகளில் சிலவற்றை மட்டும் வாங்கி விரலால் சோதியுங்கள். பிடித்ததற்கேற்ற போர்டை அதன் பிறகு தேர்ந்தெடுங்கள். கழற்றி மாட்டும் ஹாட்ஸ்வாப் சாக்கெட் உள்ளதாக இருந்தால், பின்னாளில் மனம் மாறினாலும் சால்டரிங் வேலை இருக்காது. கட்டி முடித்ததும் பின்பக்கத் தாங்குகால்களை மடக்கியே வையுங்கள். அவற்றை நிமிர்த்தினால், பார்த்துப் பார்த்துக் குறைத்த உயரம் அப்படியே மணிக்கட்டுக்குத் திரும்பி வந்துவிடும்.