மேசையைத் தட்டினால் திரையில் தெரியும்

டிரான்ஸ்மிட்டர் என்றதும் எல்லோரும் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். அளவீட்டு மேசையிலேயே காலம் கழித்த நான் முதலில் பார்ப்பது அந்த அலை எவ்வளவு சுத்தம் என்பதை.

10 கிகாஹெர்ட்ஸ் ரேடார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதை நோக்கி நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் ஒருவர் நடந்து வருகிறார். அவர்மேல் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் வெறும் 100 ஹெர்ட்ஸ்தான் கூடியிருக்கும். அவருக்குப் பின்னால் இருக்கும் மலையும் அதே அலையைத் திருப்பி அனுப்புகிறது, பல மடங்கு பலமாக.

எந்த டிரான்ஸ்மிட்டரும் ஒரே அதிர்வெண்ணில் அசையாமல் நிற்பதில்லை. அதன் ஃபேஸ், அதாவது அலை தன் சுழற்சியில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது, சதா நடுங்கும். நடுக்கம் அலையின் இருபுறமும் இரைச்சலாகப் படரும். இதைத்தான் ஃபேஸ் நாய்ஸ் என்கிறோம். மலையின் எதிரொலியோடு அதுவும் வந்து சேரும். 100 ஹெர்ட்ஸ் தள்ளி அது அதிகமாக இருந்தால் நடந்து வருபவர் அதற்குள் மறைந்துவிடுவார். வாட்டைக் கூட்டியும் பயனில்லை, இரைச்சலும் கூடவே ஏறும்.

இதை அளப்பதுதான் கஷ்டம். மூல அலையில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கைத் தேட வேண்டும். சாதாரண ஸ்பெக்ட்ரம் அனலைசரை நேரே மாட்டினால் அதன் சொந்த இரைச்சலே முன்னால் வந்து நிற்கும். அதனால் அதே அதிர்வெண்ணில் இன்னொரு அலையை எடுத்து, இரண்டுக்கும் இடையே 90 டிகிரி ஃபேஸ் வித்தியாசம் வைத்து, இரண்டையும் கலக்கும் மிக்ஸர் என்ற சுற்றில் சேர்ப்போம். பெரிய அலை அடிபட்டுப் போகும், நடுக்கம் மட்டும் மிஞ்சும். அதைப் பெருக்கி அளக்கலாம். இரண்டும் ஒரே தரமானவை என்றால் இரைச்சலில் பாதி மற்ற அலையுடையது, அதனால் விடையில் 3 டெசிபல் கழிக்க வேண்டும்.

இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். மின்விசிறியை நிறுத்துவோம். பவர் சப்ளைக்குப் பதில் பேட்டரி வைப்போம். இல்லையென்றால் 50 ஹெர்ட்ஸிலும் 100 ஹெர்ட்ஸிலும் கோடுகள் முளைக்கும். மேசையை விரலால் தட்டினால்கூட, அலைக்கு மூலமான குவார்ட்ஸ் படிகம் அதிர்ந்து திரையில் காட்டிக்கொடுக்கும். 10 மெகாஹெர்ட்ஸ் படிகத்தின் அதிர்வெண்ணை ஆயிரம் மடங்கு பெருக்கித்தான் 10 கிகாஹெர்ட்ஸ் எடுக்கிறோம் என்றால், அதன் ஃபேஸ் நாய்ஸ் குறைந்தது 60 டெசிபல், அதாவது பத்து லட்சம் மடங்கு, உயரும். ஆகவே படிகத்தில் கஞ்சத்தனம் கூடாது.

விவரத்தாளில் ஃபேஸ் நாய்ஸுக்கு ஓர் எண்ணைக் கண்டால் உடனே நம்பாதீர்கள். எத்தனை ஹெர்ட்ஸ் தள்ளி அளந்தது என்று கேளுங்கள். அதைச் சொல்லாத எண்ணுக்கு அர்த்தமே இல்லை.