புதுக் கருவிகள் வந்தாலும் முதலில் நல்ல மீட்டர்

மும்பை கிராண்ட் ரோடு ரயில் நிலையத்தில் இறங்கிக் கிழக்கே சிறிது தூரம் நடந்தால் லேமிங்டன் ரோடு. டாக்டர் பட்கம்கர் மார்க் என்று பெயர் மாறியும் பழைய பெயரே வழங்குகிறது. ரேடியோ, ஆம்ப்ளிபயர், டி.வி. பழுது பார்ப்போர் உதிரிபாகம் தேடி வரும் கடைவீதி இது.

முன்பு பாதி மேசையை அடைத்துக்கொண்ட ஆசிலாஸ்கோப், இன்று மல்டிமீட்டருடன் சேர்ந்து கையடக்கமாக வருகிறது. எல்.இ.டி. டி.வி.யின் திரைக்குப் பின்னுள்ள விளக்குகளைச் சோதிக்கவும் தனிக் கருவி உண்டு. இவற்றில் ஆசை வைத்து, மீட்டரில் சிக்கனம் பார்ப்பது ஆபத்து.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதன் உச்சம் சுமார் 325 வோல்ட். டி.வி. பவர் சப்ளையிலுள்ள பெரிய கெபாசிட்டர் ஏறக்குறைய அந்த அளவுக்குச் சார்ஜ் ஆகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது இறங்காமல் நிற்கலாம். தகுந்த ரெசிஸ்டர் வழியே அதை இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

மீட்டரில் 'கேட்' என்ற குறியைக் கவனியுங்கள். பிளக்கில் மாட்டும் சாதனங்களுக்குக் 'கேட் 2' போதும். மெயின் போர்டு, கட்டட வயரிங் பார்ப்பவர்களுக்குக் 'கேட் 3' தேவை. குறி மட்டும் போதாது. உள்ளே தரமான பீங்கான் பியூஸ் உண்டா என்று கேளுங்கள். வயரின் மேலுறை வெடித்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

ஆசிலாஸ்கோப்பை அடுத்த போனஸில் வாங்கலாம். ஊரில் உள்ள குடும்பம் நம்பியிருப்பது மெக்கானிக்கின் கைகளைத்தான்.