தண்ணீர் போலத் தோன்றும், தண்ணீர் அன்று

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பின்னிரவில், சாயப்பட்டறையில் பணிபுரியும் இளைஞர் ஒருவரை அவருடைய மைத்துனர் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வந்தார். உதட்டோரம் வெண்ணுரை, வயிறு உப்பியிருந்தது, தொண்டை எரிச்சலால் அவரால் பேச இயலவில்லை. “தண்ணீன்னு நெனச்சுக் குடிச்சுப்போட்டாருங்க டாக்டர். ஒரே வாய்தானுங்க” என்றார் மைத்துனர். இயந்திரத்தின் அருகே வைத்திருந்த குடிநீர் பாட்டிலில் இருந்தது ஹைட்ரஜன் பெராக்சைடு. அந்த இளைஞர் பல நாள் சிகிச்சைக்குப் பின் நலமடைந்தார். ஆயினும் அந்த ‘ஒரே வாய்’ எவ்வளவு பெரியது என்பதை நம் ஊர்க் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும்.

நம் ஊரில் இது ஏன் இவ்வளவு?

பின்னலாடைத் துணி, பின்னல் இயந்திரத்திலிருந்து வரும்போது பருத்திக்கே உரிய பழுப்பு நிறத்தில் இருக்கும். அதை வெண்மையாக்க, காஸ்டிக் சோடா கலந்த கொதிநிலைக்கு நெருங்கிய நீரில் பெராக்சைடு சேர்க்கின்றனர். முன்பு பிளீச்சிங் பவுடரும் ஹைப்போகுளோரைட்டும் பெருமளவில் பயன்பட்டன. அவற்றின் குளோரின் எச்சம் கழிவுநீரில் தங்கியது. பெராக்சைடோ வேலை முடிந்ததும் நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூட ஆணையிட்டதையும், கழிவுநீரை வெளியேற்றாத முறை கட்டாயமானதையும் நாம் அறிவோம். ஆற்றுக்குத் தீங்கு குறைவு என்பதாலேயே பலர் இதை ‘சாதுவான மருந்து’ என்று கருதிவிடுகின்றனர். ஆற்றுக்குச் சாதுவானது, தொண்டைக்குச் சாதுவானது அன்று.

உடலுக்குள் நிகழ்வது என்ன?

மருந்துக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் 3 முதல் 6 விழுக்காடு செறிவுள்ளது. பட்டறைக்குக் கேனில் வருவது பெரும்பாலும் 50 விழுக்காடு. பெயர் ஒன்றுதான்; வலிமை வேறு. 3 விழுக்காட்டுக் கரைசல் 1 மில்லி லிட்டர், ஏறத்தாழ 10 மில்லி லிட்டர் ஆக்சிஜனை வெளியிடும். 50 விழுக்காட்டுக் கரைசல் 1 மில்லி லிட்டர், ஏறத்தாழ 200 மில்லி லிட்டரை வெளியிடும். ஒரு வாய் என்பதை 30 மில்லி லிட்டர் என்று கொண்டால், உள்ளே உருவாகக்கூடிய வாயு 6 லிட்டர். நம் இரைப்பை வசதியாகக் கொள்வது 1 முதல் 1.5 லிட்டர் மட்டுமே.

எனவே இரண்டு ஆபத்துகள் ஒன்றாக வருகின்றன. வாய், உணவுக்குழாய், இரைப்பை ஆகியவற்றின் உட்சுவர் வெந்து புண்ணாகிறது. மேலும், வாயுக்குமிழிகள் இரத்தக்குழாய்க்குள் நுழைந்து இதயத்தையோ மூளையையோ அடையக்கூடும். அப்போது பேச்சுக் குழறல், ஒரு பக்கத் தளர்ச்சி, வலிப்பு, மயக்கம் தோன்றலாம். சிலருக்கு இவை சில மணி நேரம் கழித்தும் வரும். ஆகவே “இப்போது நன்றாகத்தானே இருக்கிறார்” என்று வீட்டிலேயே காத்திருக்கக் கூடாது.

உடனே செய்ய வேண்டியவை

குடித்துவிட்டால், வாயை மட்டும் தண்ணீரால் கொப்பளிக்கச் செய்யுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வெந்த உணவுக்குழாய் மீண்டும் வேகும், நுரை மூச்சுக்குழாயில் புகும். உப்புக்கரைசல், மோர், எலுமிச்சைச் சாறு எதுவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள். கேனின் லேபிளைப் படமெடுத்து வாருங்கள். செறிவு எவ்வளவு என்பதே எங்கள் முதல் கேள்வி.

கண்ணில் பட்டால், இமைகளை விரித்து, ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு வாருங்கள். தோலில் பட்டால் ஊசி குத்துவது போன்ற வலியுடன் அவ்விடம் வெளுக்கும். நனைந்த ஆடையைக் களைந்து, நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். செறிவான பெராக்சைடு ஊறிய பருத்தி ஆடை தீப்பிடிக்கவும் கூடும். அதைச் சுருட்டி வைக்காமல் தண்ணீரில் அலசிவிடுங்கள்.

வராமல் காக்க

வெள்ளைச் சட்டையின் கறைக்கென்று ஒரு பாட்டில் வீட்டுக்கு எடுத்து வரும் வழக்கம் சிலரிடம் உண்டு. அருள்கூர்ந்து அதை விட்டுவிடுங்கள். பெராக்சைடு கேனின் மூடியில் வாயு வெளியேற வழி இருக்கும். குடிநீர் பாட்டிலை இறுக மூடினால் அழுத்தம் கூடி வெடிக்கலாம். துருவோ அழுக்கோ சேர்ந்தால் அது இன்னும் விரைவாகச் சிதையும். பட்டறை பெராக்சைடை நீர் கலந்து புண் கழுவவும் பயன்படுத்தாதீர்கள்.

பட்டறையில் பணிபுரிவோர், குடிநீர் பாட்டிலை இயந்திரப் பகுதிக்கு வெளியே வையுங்கள். ரசாயனத்தை எந்தக் காரணத்துக்காகவும் குடிநீர் பாட்டிலில் ஊற்றாதீர்கள். அதில் ஊற்றியிருப்பதைக் கண்டால் “யாருடையது” என்று கேட்டுக் கொண்டிராமல் உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள்.

அன்றிரவு அந்த மைத்துனர் என்னிடம் கேட்டது, “பாட்டில் மேல ஒரு பேரு எழுதி வெச்சிருந்தா இப்படி ஆகியிருக்காதுங்களே?” என்பதே. ஆகியிருக்காது. இன்று வேலைக்குக் கிளம்பும் உங்கள் வீட்டவரிடம் இதைச் சொல்லி அனுப்புங்கள்.