ஐஸ் தண்ணீரும் கெட்ட வார்த்தையும்

பிரசவ வலியில் மனைவி வாய்க்கு வந்தபடி திட்டியதைப் பக்கத்தில் நின்று கேட்டவர் ரிச்சர்ட் ஸ்டீபன்ஸ். வலி தணிந்ததும் அந்த அம்மாள் கூச்சப்பட, இதெல்லாம் இங்கே சகஜம் என்று தேற்றினார்களாம் செவிலியர்கள். இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பிக்கும் ஸ்டீபன்ஸுக்கு ஒரு கேள்வி கிளம்பியது: திட்டினால் நிஜமாகவே வலி குறைகிறதா?

மாணவர்களை அழைத்து, ஐஸ் குளிரில் இருந்த தண்ணீருக்குள் கையை விடச் சொன்னார். ஒருமுறை, கட்டைவிரலில் சுத்தியல் விழுந்தால் வாயில் என்ன வருமோ அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். இன்னொரு முறை, மேசையை வர்ணிக்கும் சாதுவான ஒரு சொல். திட்டியபோது சராசரியாகச் சுமார் 40 விநாடி கூடுதலாகத் தாங்கினார்கள். இதயத் துடிப்பும் எகிறியது. 2009இல் வெளிவந்த இந்த ஆய்வுக்கு மறு ஆண்டே, விசித்திரமான ஆய்வுகளுக்குத் தரும் இக்நோபல் பரிசு கிடைத்தது. அதுவும் அமைதிக்கான பிரிவில்!

ஓசைதான் காரணமோ என்று பார்க்க, 2020இல் 'ஃபவுச்', 'ட்விஸ்பைப்' என்று இரண்டு போலி வசவுகளைச் சோதித்தார். முதலாவது காரமாக ஒலிக்க, இரண்டாவது சிரிப்பு மூட்ட. சிரிப்பு வந்தது, வலி தாங்கும் சக்தி கூடவில்லை. அசல் ஆங்கில வசவோ அதை 33 சதவீதம் கூட்டியது. சின்ன வயதில் அந்தச் சொல்லுக்காக வாங்கிய அடியில்தான் அதன் பலமே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அன்றாடம் அதிகம் திட்டுபவர்களுக்கு இந்த மருந்து அவ்வளவாக வேலை செய்வதில்லை என்பது 2011இல் ஸ்டீபன்ஸ் குழுவே கண்டது. வாய்க்கு வாய் வசவை ஊறுகாயாகத் தொட்டுக்கொள்ளும் ஆசாமிகள் கவனிக்க.

மூளையிலும் வசவுக்குத் தனி வழி உண்டு போலிருக்கிறது. பாரிஸ் அருகே பிசேத்ர் மருத்துவமனையில் இருபத்தொரு ஆண்டுகளாக இருந்த லெபோர்ன் என்பவருக்கு எதைக் கேட்டாலும் 'டான், டான்' என்றுதான் பதில் வரும். தான் சொல்வது எதிராளிக்குப் புரியவில்லை என்று கோபம் வந்தால் மட்டும், கடவுள் பெயரை இழுத்து முழு வசவு ஒன்று தெளிவாக வந்து விழும். 1861இல் அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்த மருத்துவர் பால் ப்ரோகா, இடது முன்பகுதி சிதைந்திருப்பதைக் கண்டார். பேச்சு போயும் திட்டு பிழைத்திருக்கிறது. தானாகக் கிளம்பும் இத்தகைய சொற்களில் மூளையின் வலது பாதிக்கும் பங்குண்டு என்று இன்று கருதுகிறார்கள்.

அந்தக் காலத்துப் பாரிஸ்காரருக்குக் கடவுள். நம்மூர் வசவுகளோ தாயையும் சாதியையும் தேடிப் போகின்றன. சண்டை இரண்டு ஆண்களுக்குள். அடி வாங்குவது வீட்டில் இருக்கும் ஒரு பெண். இதை வலி நிவாரணி என்று சொல்லி நியாயப்படுத்த முடியாது.

ஆனால் எல்லாத் திட்டும் சண்டை அல்ல. நியூசிலாந்தில் ஒரு சோப்புத் தொழிற்சாலையில் பதிவான பேச்சை நிக்கோலா டாலி, ஜேனட் ஹோம்ஸ் உள்ளிட்ட மொழியியலாளர்கள் அலசி, 2004இல் எழுதினார்கள். ஒரு குழுவினர் குறை சொல்லவும், முடியாது என்று மறுக்கவும் ஆங்கிலத்தின் பிரசித்தமான நான்கெழுத்துச் சொல்லைத் தங்களுக்குள் தாராளமாகப் புழங்கினார்கள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. வெளியாளிடம் பேசும்போது அதே வாய்கள் அடங்கிவிட்டன. கல்லூரி விடுதியில் இருந்தவர்களுக்கு இது புதிதில்லை. தினமும் திட்டிக்கொண்டே கூப்பிடும் நண்பன் திடீரென்று "சொல்லுங்க சார்" என்றால், ஏதோ கோபத்தில் இருக்கிறான் என்று அர்த்தம்.