ஏபிசிடி தெரியும், வாசிக்க வரலையா? கைகொடுக்கும் நம்ம 'புள்ளி வெச்ச எழுத்து'

கோவை, திருப்பூர், ஈரோடு என எந்த ஊரிலும் யுகேஜி குழந்தைகள் 'ஏ' முதல் 'இசட்' வரை மூச்சு விடாமல் சொல்லிவிடுவார்கள். ஆனால், புத்தகத்தில் இல்லாத ஒரு சின்ன ஆங்கிலச் சொல்லை எழுதிக் காட்டினால் பலரும் திணறுவார்கள். ஃபீஸ் கட்டிய பெற்றோருக்குக் கவலை, குழந்தைக்குத் திட்டு. உண்மையில் சிக்கல் எங்கே இருக்கிறது?

பெயர் வேறு, ஒலி வேறு

குண்டூசியைக் குறிக்கும் 'பின்' என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்வோம். இதில் மூன்று எழுத்துகள்: பி, ஐ, என். எவ்வளவு வேகமாகச் சேர்த்துச் சொன்னாலும் 'பிஐஎன்' என்றுதான் வரும், 'பின்' வராது. ஏனென்றால் இவை எழுத்துகளின் பெயர்கள். அவை இந்தச் சொல்லில் தரும் ஒலிகள் ப், இ, ன். இப்போது கூட்டிப் பாருங்கள்: ப் + இ + ன் = பின்.

முதல் ஒலியை மட்டும் மாற்றினால் 'டின்'. பொருளே மாறிவிடுகிறது. இப்படிப் பொருளை மாற்றக்கூடிய மிகச் சிறிய ஒலிக்கு மொழியியலில் 'ஒலியன்' என்று பெயர். எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்று கற்று, அந்த ஒலிகளைக் கூட்டிச் சொல்லாக்குவதுதான் 'ஃபோனிக்ஸ்'.

இங்கிலாந்தில் 2012 முதல் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு 40 சொற்களை வைத்து ஃபோனிக்ஸ் சோதனை நடக்கிறது. அதில் பாதி, அர்த்தமே இல்லாத சொற்கள். மனப்பாடம் செய்து ஒப்பிக்க முடியாது. ஒலி கூட்டத் தெரிந்தால்தான் படிக்க முடியும்.

நமக்கு இது புதுசா?

இல்லை. ப் + இ = பி என்பது தமிழ் வகுப்பின் ஆரம்பப் பாடம். 12 உயிர், 18 மெய் சேர்ந்துதான் 216 உயிர்மெய் பிறக்கிறது. 'நன்னூல்' எழுத்தை ஒலி என்றே விளக்குகிறது. அதை எழுதிய பவணந்தி முனிவரின் ஊர், பெருந்துறை அருகே உள்ள சீனாபுரம் என்று சொல்லப்படுகிறது.

ஒரே வித்தியாசம், தமிழில் 'பி' ஒரே வடிவம். ஆங்கிலத்தில் மெய்யும் உயிரும் தனித்தனியாக, பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கூட்டும் வேலையைக் குழந்தைதான் செய்ய வேண்டும்.

'பு' வேண்டாம், 'ப்' போதும்

பஸ்ஸு, புக்கு, பேட்டு என்று சொல்லின் கடைசியில் 'உ' சேர்ப்பது நம் பேச்சு வழக்கம். சொல்லிக் கொடுக்கும்போதும் இதே பழக்கம் நுழைந்து 'பு-இ-னு' ஆகிவிடுகிறது. கூட்டினால் 'புஇனு'. குழந்தை குழம்பாமல் என்ன செய்யும்? "புள்ளி வெச்ச எழுத்து மாதிரி சொல்லு" என்றால் போதும், சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

கொங்குக் குழந்தைக்கு இன்னொரு வசதியும் உண்டு. 'சரிங்', 'ஏனுங்' என்று பேசுகிறவர்களுக்கு 'கிங்', 'ரிங்' சொற்களின் கடைசி ஒலி தண்ணி பட்ட பாடு. எழுத்து இரண்டு, ஒலி ஒன்று என்பதை மட்டும் காட்டிவிட்டால் சரி.

எங்கே கவனம் தேவை?

ஆங்கிலத்தின் 2-வது எழுத்தையும் 16-வது எழுத்தையும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பி'தான். ஒலி வேறு. 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் 'ப'வும் நடுவில் வரும் 'ப'வும் ஒன்றல்ல. தொண்டையில் விரல் வைத்தால் நடுவில் வரும் ஒலியில் அதிர்வு தெரியும். தமிழில் இடத்தைப் பார்த்து ஒலி மாறும், ஆங்கிலத்தில் எழுத்தே மாறும். இதைத் தனியாகப் பழக்க வேண்டும்.

அடுத்து, 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு ஆங்கிலம் சுமார் 44 ஒலிகளைச் சமாளிக்கிறது. எண் 2-க்கான சொல்லில் சத்தமே போடாத ஒரு 'டபிள்யூ' உட்கார்ந்திருக்கிறது. இப்படிப்பட்ட சொற்களைப் பார்த்துப் பார்த்துத்தான் பழக முடியும். அவற்றை முதல் நாளே கொடுக்காமல், ஒலி கூட்டிப் படிக்கக்கூடிய மூன்றெழுத்துச் சொற்களில் தொடங்குவது நல்லது.

அவசரம் வேண்டாம்

13 ஐரோப்பிய மொழிகளில் குழந்தைகளின் வாசிப்பை ஒப்பிட்ட ஆய்வு 2003-ல் வெளியானது. சொல்வதுபோலவே எழுதும் மொழிகளைவிட, ஆங்கிலத்தில் அடிப்படை வாசிப்பு வர இரண்டு மடங்குக்கும் மேல் காலம் பிடித்தது. அதுவும் ஆங்கிலமே தாய்மொழியாக உள்ள குழந்தைகளுக்கு!

தமிழக அரசு 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் தமிழ், கணக்குடன் ஆங்கிலத்தைச் சேர்த்து, 8 வயதுக்குள் அடிப்படைத் திறன் வர வேண்டும் என்றுதான் இலக்கு வைத்தது. எனவே ஐந்து வயதில் தடுமாறும் குழந்தையை 'மக்கு' என்று முடிவு கட்ட வேண்டாம். வேலை முடிந்து வந்ததும் பத்து நிமிஷம், ஐந்து சின்னச் சொற்கள், புள்ளி வைத்த ஒலிகள். இதற்கு டியூஷன் தேவையில்லைங்க.